சைகோன் மச்சானின் இருமல்

“மூச்சை நல்லா இழுங்க மச்சான்” என்றேன்.

செய்யது மச்சான் இழுத்தார். தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சைச் சுற்றி நான் பிடித்திருந்த அளவு நாடா மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை.

“இழுங்கன்னா இழுங்க மச்சான். நிக்காஹ் சட்டை. பிரியாணி உள்ளே போனா பித்தான் தெறிக்கக் கூடாது.”

“இழுத்துட்டேன் தம்பி. அவ்வளவுதான் இருக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை அது. ஓட்டைத் தகரத்தை யாரோ தெருவில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, போய்க்கொண்டே இருக்கும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைவிட்டு நாலடி விலகி, கடையின் வாசற்படிக்கே போய் நின்று இருமினார். மல் துணியும் மண்ணெண்ணெயும் மணக்கிற என் சின்னக் கடையில், அந்த நாலடி எனக்கு நாற்பது மைலாகத் தெரிந்தது.

மார்க்கெட் தெருவில் ஒற்றைத் தையல் மெஷினோடு நான் கடை போட்டிருந்த காலம். பிரெஞ்சுக் கொடி இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேரி ஆபீசில், அதாவது நகரசபையில், பலகையை மாற்றிவிட்டார்கள், ஜனங்களின் வாயை மாற்ற முடியவில்லை. பழைய ஆட்கள் இன்னமும் அதிகாரிகளை ‘முசே’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருமல் அடங்கி உள்ளே வந்த மச்சான் சொன்னார்: “உன் லாத்தாவோட ஆசைக்காக அளவு கொடுக்க வந்தேன். தைச்சு வை. ஆனா நிக்காஹ் அன்னைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன்.”

நாடா என் கையிலிருந்து நழுவிவிட்டது.

பெட்டியோடு வந்தவர்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போகாவிட்டால் மச்சான் யார், எதற்காகத் தன் ஒரே மகளின் நிக்காஹ்வுக்கு இருக்க மாட்டேன் என்கிறார் என்பது விளங்காது.

செய்யது மச்சான் என் லாத்தா ஜெமீலாவின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் லாத்தா என்றால் அக்கா. கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவது கிடையாது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் மச்சான். அவர் மகள் நூருவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது சைகோனுக்குக் கப்பலேறினார். ஒன்பது பத்து வருஷம் கழித்து, கொடி இறங்கின சமயத்தில் திரும்பினார். அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது நிக்காஹ்.

சைகோன்! அந்தக் காலத்துக் காரைக்காலில் அந்தப் பேரைச் சொன்னாலே போதும், உட்கார நாற்காலி வரும். தெருவுக்கு நாலு பேர் அங்கே. திரும்பி வருகிறவரை சபுராளி என்போம். சபுராளி வந்தால் வாசலில் செருப்பு எண்ண முடியாது. அத்தர், பட்டு, பீங்கான் கோப்பை, வாசனைச் சோப்பு. மச்சானும் அதெல்லாம் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தபோது வந்த சோப்பு வாசனை இப்போதும் என் மூக்கில் நிற்கிறது.

பெட்டியில் வைக்காமல் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். இருமல்.

ஜனங்கள் போகிற போக்கில் சொல்கிற சொல்லை ஒரு நோட்டில் எழுதிவைக்கிற கிறுக்கு எனக்கு அப்போதே உண்டு. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு போச்சு. மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலக் காகிதத்திலும் ஜனங்கள் வாயிலும்தான். மச்சான் வந்த மாசம் லாத்தா சொன்னதை எழுதியிருக்கிறேன்: “ஆளு முன்வாசல் வழியா வந்துட்டாக. மூச்சு இன்னும் கப்பல்லயே இருக்கு.”

நான் சொன்ன பதில்

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். தொழுகையில் குனிந்தால் நிமிர நேரமாகும். உடம்பு வேறு இளைத்துக்கொண்டே போனது. ஒருநாள் நானே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் புதுச்சேரியில் படித்தவர். கண்டிப்பானவர், அதே நேரம் நல்ல மனுஷர். காதில் குழாயை மாட்டி, சட்டையின் மேலேயே முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். சட்டையைக் கழற்றச் சொன்னதற்கு மச்சான், “குளிருது முசே” என்றுவிட்டார். சித்திரை மாசம்!

“என்ன வேலை பார்த்தீங்க?”

மச்சான் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “சைகோன்ல பெரிய ஜவுளிக்கடைங்க. பட்டு வியாபாரம். மச்சான்தான் கடைக்கே பொறுப்பு.”

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். “பஞ்சு, கல்லு, மாவு மில்லு… இப்படித் தூசிக்குள்ள நின்னு செய்யுற வேலை ஏதாவது உண்டா?”

“தூசியா? பட்டுக்கடையில ஏதுங்க தூசி! காத்தாடி சுத்துமாம்” என்றேன். காத்தாடியையும் நானாகத்தான் சேர்த்தேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷர், பெருமையைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

எக்ஸ்ரே எடுக்க வெளியூர் போனோம். படத்தில் இரண்டு பக்க நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சளியைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி சோதித்தார்கள். அப்போதும் இல்லை. டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“படம் ஒண்ணு சொல்லுது, சளி ஒண்ணு சொல்லுது. காசமா இருந்தாலும் இருக்கலாம். மூணாவது தடவை சளி கொடுத்துட்டுப் போங்க. தெளிவா தெரியிற வரைக்கும் தனித் தட்டு, தனிப் படுக்கை.”

காசம். அந்தச் சொல்லை எங்கள் தெருவில் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த நோவு’ என்பார்கள்.

டாக்டர் தட்டையும் படுக்கையையும்தான் சொன்னார். மச்சான் தன்னையே பிரித்து எடுத்துவிட்டார். கொல்லைப்பக்கத்து அறைக்குப் படுக்கை போனது. லாத்தா சோற்றைக் கொண்டுபோய் அறை வாசலில் வைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்து, அவர் சாப்பிடுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்பாள். பத்து வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷர், இப்போது ஒரு பலகைக்கு அந்தப் பக்கம்.

சம்பந்தி வந்துவிட்டுப் போனது

ஊரில் இருமலை மறைக்க முடியுமா? ஒருநாள் சம்பந்தி சுல்தான் மரைக்காயர் வந்தார். ஆள் யானை மாதிரி இருப்பார், பேச்சு மட்டும் மெதுவாக வரும். நான் கொடுத்த சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. பிள்ளை நூருவை எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா என் மகன் வந்து இருக்கப்போற வீடு இது. நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆவும். ஒரே கூரை. நான் ஒரு தகப்பன். நீங்க ஒரு வழி சொல்லுங்க.”

கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை அதில். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொல்லை அறைக் கதவு லேசாகத் திறந்திருந்ததை நான் கவனித்தேன். வழியை மச்சானே முடிவு பண்ணிவிட்டார் என்பது, கடையில் அவரை அளவெடுத்த அந்தக் காலையில்தான் தெரிந்தது. மலைப்பக்கம் காசத்துக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறதாம். அங்கே போய் இருந்துவிடுவாராம். திரும்பி வருகிற பேச்சே இல்லை.

“மகளோட கையைப் பிடிச்சுக் கொடுக்காம போறீங்களே மச்சான்?”

“நான் இருந்தா அவ கையைப் பிடிக்க ஆளே வரமாட்டாங்க தம்பி.”

நிக்காஹ்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதுகில் பச்சை

எனக்குக் கோபம் வந்தால் தொழில்தான் வரும். கத்தத் தெரியாது. “போறதோ இருக்குறதோ, அளவைச் சரியா கொடுங்க. சட்டைக்கு மேலே அளந்தா சட்டை சரிவராது. கழட்டுங்க” என்று பித்தானில் கை வைத்தேன்.

“வேணாம்” என்றார். “விடுடா” என்றார். நான் விடவில்லை. கடைத் திரையை இழுத்துவிட்டு, மூன்று பித்தானைக் கழற்றி, சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

தோள்பட்டையில், முதுகெலும்பு ஓரத்தில், முழங்கை மேலே எல்லாம் நீலக் கோடுகள். சில கோடு விரல் நீளம். சிலது வெறும் புள்ளி. மையில் முக்கின ஊசியால் இழுத்த மாதிரி, தோலுக்கு உள்ளே.

“மச்சான்! பச்சை குத்தியிருக்கீங்களா? ஹராமாச்சே!”

எனக்கு உண்மையாகவே அதுதான் முதலில் தோன்றியது. ஐந்து வேளை தொழுகிற மனுஷர், சைகோன் போய் முதுகெல்லாம் பச்சை குத்திக்கொண்டு வந்திருக்கிறார்! இதை லாத்தாவிடம் எப்படிச் சொல்வது?

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, நான் துணி வெட்டுகிற பலகையின் மேல் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர். எது எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

“பச்சை இல்லைடா பைத்தியமே. கரி. நிலக்கரி.”

பிறகு சொன்னார். கொஞ்சம் சொல்வார், மூச்சு வாங்குவார், மறுபடி சொல்வார்.

சைகோன் போனது உண்மை. ஜவுளிக்கடையில் சேர்ந்ததும் உண்மை. ஒரு வருஷத்தில் கடையை மூடிவிட்டார்கள். வெறும் கையோடு காரைக்கால் திரும்ப வெட்கம். வடக்கே தொங்கின் என்கிற சீமையில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய்விட்டார். முதலில் கரித் தொட்டி தள்ளுகிற வேலை. அப்புறம் பாறையைத் துளைக்கிற வேலை.

“குளவி மாதிரி கத்தும் அந்த மெஷின். எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. மூக்குல துணியைக் கட்டிக்குவோம். கொஞ்ச நேரத்துல துணி கறுப்பாயிடும், அதுக்கு மேல மூச்சு விட முடியாது. அவுத்துடுவோம். மேலேருந்து சில்லு தெறிச்சு முதுகுல கிழிக்கும். புண்ணு மூடுறதுக்குள்ள கரி உள்ளே போயிடும். தோலு மூடிக்கும், கரி அங்கேயே தங்கிடும். அங்கே எல்லார் முதுகும் இப்படித்தான். ஆளைப் பார்த்து அடையாளம் தெரியலேன்னா முதுகைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம்.”

“லெட்டரெல்லாம் சைகோன் முத்திரையோடதானே வந்துச்சு?”

“நான் எழுதி சைகோன்ல இருக்குற கூட்டாளிக்கு அனுப்புவேன். அவன் அங்கேருந்து போடுவான். சபுராளி வீடுன்னு உன் லாத்தாவுக்குத் தெருவுல ஒரு மதிப்பு இருந்துச்சு. புருஷன் குழிக்குள்ள கரி தோண்டுறான்னு எப்படிடா எழுதச் சொல்றே?”

நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். சுருட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி சுருட்டினேன். டாக்டர் கேட்டது அப்போதுதான் காதில் திரும்ப விழுந்தது. தூசிக்குள்ள நின்னு செய்யுற வேலை ஏதாவது உண்டா?

பட்டுக்கடை என்றவன் நான். காத்தாடி சுற்றுகிறது என்றவனும் நான்தான்.

“சட்டையைப் போடுங்க மச்சான். வேணாம், தோள்ல போட்டுக்கிட்டே வாங்க.”

கடையைப் பூட்டினேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

டாக்டர் திட்டினது

டாக்டர் முதுகைப் பார்த்தார். விரலால் ஒரு நீலக் கோட்டைத் தடவினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நோட்டில் எழுத முடியாது.

“பட்டுக்கடை?”

“மன்னிச்சுக்கங்க முசே. எனக்கே இப்பத்தான்…”

“நோவு அவருக்கு. பதில் சொன்னது நீ! இனிமே என் ரூமுக்குள்ள வந்தா வாயில ஊசிநூல் போட்டுக்கிட்டு வா. தையல்காரன்தானே, தெரியும்ல?”

திட்டிக்கொண்டே எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் போய்க் கேட்காமலே கிடந்த மூன்றாவது சளிச் சோதனைக் காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். அதிலும் கிருமி இல்லை. நாற்காலியில் சாய்ந்து மச்சானிடம் நேராகப் பேசினார்.

“இது காசம் இல்லீங்க. நீங்க சுவாசிச்ச கரித் தூசியும் கல்லுத் தூசியும் நுரையீரல்ல படிஞ்சிருக்கு. படத்துல தெரியிற புள்ளி அதான். போன தூசி வெளியே வராது, அதுக்கு மருந்து என்கிட்டயும் இல்லை, எவன்கிட்டயும் இல்லை. இனிமே தூசி, புகை, பீடி, அடுப்படி எதுவும் கூடாது. மூச்சு வாங்கும். மாடி ஏறாதீங்க. மாசாமாசம் வந்து காட்டணும்.”

மச்சான் இதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான்.

“ஒட்டுமா முசே?”

“என்னது?”

“அடுத்தவங்களுக்கு. பிள்ளைங்களுக்கு. ஒட்டுமா?”

“உங்க நெஞ்சுல இருக்குற கரி பக்கத்துல இருக்குறவர் நெஞ்சுக்கு எப்படிங்க போகும்? ஒட்டாது.”

“ஒரே சஹன்ல சாப்பிடலாமா?”

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்று பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோறும் கறியும் நிறைய வைத்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, நாலு கையும் அதே தட்டில். அதில் உட்கார முடியாதவனுக்கு விருந்தே இல்லை.

டாக்டர் காரைக்காலில் பல வருஷம் சோறு தின்றவர். கேள்வியின் கனம் அவருக்குத் தெரிந்தது.

“சாப்பிடுங்க. எனக்கும் ஒரு சஹன் அனுப்புங்க.”

மச்சான் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தீராத நோய் என்று சொல்லக் கேட்டு ஒரு மனுஷர் சந்தோஷத்தில் அழுததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கும் நெஞ்சில் கிடந்த பாறை ஒன்று உருண்டு இறங்கிய மாதிரி இருந்தது. முழுசாக இறங்கியது என்று சொல்ல மாட்டேன்.

அன்று மத்தியானம் கொல்லை அறைக் கதவை லாத்தா அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல் வைத்தாள். கரி விஷயத்தை மச்சான் சொல்லச் சொல்லக் கேட்டவள், கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு மதிப்பா அனுப்புனீக? நான் கேட்டது உங்களைத்தானே!”

சைகோன் என்றால் சைகோனா?

ஒரு வேலை பாக்கி. சம்பந்தியிடம் சொல்லவேண்டும். காசம் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாமே என்றேன் நான், பட்ட பிறகும் புத்தி வராமல். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. “மறைச்சு மறைச்சுத்தானே இவ்வளவும்” என்றார்.

மரைக்காயர் வீட்டில் போய் உட்கார்ந்து, சட்டையை இறக்கி, முதுகைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னதையும் சொன்னார். “பட்டுக்கடைக்காரர் மகள்னு நினைச்சுத்தான் பேசி முடிச்சீங்க. அவ கரி தோண்டினவன் மகள். இப்ப உங்க இஷ்டம்.”

மரைக்காயர் எழுந்து போய் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நானும் சைகோன்ல எட்டு வருஷம் இருந்தேன். ஊர்ல என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? நகைக்கடை.”

“ஆமா, தெரியுமே” என்றேன்.

“மாடு. பால்மாடு. முப்பது மாட்டுக்குச் சாணி அள்ளுனேன். என் பொஞ்சாதிக்கே இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மெதுவா பேசுங்க.”

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க நாற்காலி கிறீச்சிட்டது. மச்சான் சிரித்து, இருமி, கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, மறுபடி சிரித்தார். இந்த முறை இருமும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போகவில்லை. சம்பந்தி அவர் முதுகை, அந்த நீலக் கோடுகளின் மேலேயே, தடவிக்கொடுத்தார். உள்ளேயிருந்து பெண் குரல் ஒன்று “என்னாங்க அங்கே?” என்று கேட்டது. “ஒண்ணுமில்லே, வியாபாரப் பேச்சு!” என்றார் மரைக்காயர்.

நாலாவது கை

மகளின் நிக்காஹ்வில் மச்சான் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார். சபை காத்திருந்தது. நான் தைத்த வெள்ளைச் சட்டை அவருக்குக் கொஞ்சம் பெரிசுதான். வேண்டுமென்றே நெஞ்சில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டிருந்தேன். மூச்சு எப்போதாவது திரும்பி வந்தால் இடம் வேண்டாமா?

சாப்பாட்டுக்குப் பந்தி விரித்தார்கள். ஒரு சஹனில் சம்பந்தி, புது மாப்பிள்ளை, நான். நாலாவது இடம் காலி. மச்சான் சற்றுத் தள்ளி நின்றார். மாசக்கணக்கில் கதவுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டவருக்குப் பழக்கம் காலைப் பிடித்திழுத்தது. ஓரக் கண்ணால் பார்க்கிறவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

“வாங்க சம்பந்தி, சோறு ஆறுது” என்றார் மரைக்காயர்.

மச்சான் வந்து உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொன்னார். கை சஹன் வரைக்கும் போய், விளிம்பில் நின்றது. நெய்ச்சோற்றின் ஆவி அந்த விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது. விரல் மூட்டிலும் ஒரு நீலப் புள்ளி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மரைக்காயர் தன் பக்கம் இருந்த நல்ல கறித்துண்டை எடுத்து மச்சான் பக்கம் தள்ளினார். பிறகு மச்சான் பக்கத்துச் சோற்றிலிருந்து ஒரு கை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாக மென்றார். பந்தி முழுக்கப் பார்த்தது.

மச்சானின் கை சோற்றுக்குள் இறங்கியது.